நாகதாளிக்கும் பூகம்பனுக்கும் நடுவே ஒரு கண்டக்டர்

வீரமலையின் தோல்பைக்குள், டிக்கெட் மெஷினுக்குப் பக்கத்திலேயே, இரண்டு வில்லன்கள் குடியிருந்தார்கள். ஒருத்தி நாகதாளி. விரல் நுனியில் விஷமுள், தலையில் சப்பாத்திக்கள்ளிக் கிரீடம். இன்னொருவன் டாக்டர் பூகம்பன். காலை ஓங்கி மிதித்தால் அரியலூர் வரை தரை ஆடும். இருவரும் மகாபாவிகள். இருவரும் காதலர்கள். வாரத்துக்கு மூன்று சண்டை.

வீரமலை, ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வழியாக மத்திய பேருந்து நிலையம் போகும் ‘பொன்னிராணி’ என்ற தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். வயது நாற்பத்தைந்து. பிறந்தது மணப்பாறைப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு திருவானைக்காவலில் வாடகை வீடு. பதினெட்டு வருஷம் விசில் ஊதியதில் இரண்டு கன்னமும் நிரந்தரமாகக் கொஞ்சம் உப்பியிருக்கும். ஊரடங்கில் பஸ்கள் எல்லாம் ஷெட்டுக்குள் நின்ற வருஷம், அதட்ட ஆளில்லாமல் தவித்துப்போனவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துச் சித்திரக்கதை எழுத ஆரம்பித்தார். படம் போட்டது பாலக்கரையில் ஃபிளெக்ஸ் போர்டு டிசைன் செய்யும் நண்பர் ஸ்டீபன்ராஜ். சொந்தமாக ஒரு சின்ன அச்சு மெஷினும் அவரிடம் இருந்தது. இப்படிப் பிறந்ததுதான் ‘மாவீரன் கோட்டைச்சாமி’ என்ற மாத இதழ்.

கோட்டைச்சாமி கதாநாயகன். நல்லவன், வல்லவன். அவனைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. முதல் இதழை யாரும் சீண்டவில்லை. இரண்டாவது இதழுக்கு ஸ்டீபன்ராஜ் காகிதத்தை அரை அங்குலம் குறைத்து வெட்டிவிட்டார். ஆளுக்கொரு மூலையில் நிற்க வேண்டிய வில்லன்கள் இருவரும் கட்டத்துக்குள் இடம் போதாமல் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அந்த மாதம் ஏழு கடிதம் வந்தது. ஏழிலும் ஒரே கேள்விதான்: அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது இருக்கா?

இல்லாத ஒன்றை இருக்க வைப்பதற்கு வீரமலைக்கு ஒரு டிரிப் போதும். மூன்றாவது இதழிலேயே பற்றிக்கொண்டது.

பூகம்பன் முக்கொம்பு அணைக்கு அடியில் ராட்சத யந்திரம் வைத்துக் காவிரியைச் சேலத்துக்கே திருப்பி அனுப்பப் பார்ப்பான். யந்திரம் ஓடத் தொடங்கும் நேரத்தில் நாகதாளி புதுக் கிரீடத்தோடு வந்து நிற்பாள். அவன் கவனிக்க மாட்டான். அவள் வயரைப் பிடுங்கிவிடுவாள். இன்னொரு மாதம், அவனுடைய பிறந்தநாளுக்கு மலைக்கோட்டையைச் சுருக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து அவள் நீட்டுவாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை எங்க வைக்கிறது?” என்பான். அழுதுகொண்டே போய்ப் பழைய இடத்திலேயே வைத்துவிடுவாள். கடைசி இரண்டு பக்கத்தில் கோட்டைச்சாமி வந்து நகரைக் காப்பாற்றியதாகப் பேர் வாங்கிக்கொள்வான். வில்லன்கள் சிறையில் அடுத்தடுத்த அறையில் கிடந்து, சுவரைத் தட்டித் தட்டிச் சமாதானம் ஆவார்கள்.

“உங்க பூகம்பனுக்கு அம்மா இருக்காங்களா?” என்று மனைவி சுபலட்சுமி ஒருநாள் கேட்டாள்.

“வில்லனுக்கு ஏதுடி அம்மா?”

“அதான் அப்படி வளந்திருக்கான்” என்று சொல்லிவிட்டு அவள் பருப்பைக் கடையப் போய்விட்டாள்.

மாதாமாதம் புதுச் சண்டைக்கு எங்கே போவது? அந்தக் கவலையைத் தீர்த்தது காலை எட்டு நாற்பது டிரிப்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் ஸ்டாப்பில் செந்தமிழன் ஏறுவான். சத்திரம் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். நாற்பது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “அப்புறம் வரோம்” என்று எழுந்துபோகிறவர்களையும் சிரித்து அனுப்பத் தெரிந்தவன். திருவானைக்காவலில் பிரேமலதா ஏறுவாள். புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். ஊசி போட்டதே தெரியாது என்று பேர். அவள் ஏறுவது முன்வாசல், பெண்கள் பக்கம். அவன் நிற்பது பின்வாசல், ஆண்கள் பக்கம். நடுவே அறுபது பேர்.

இருவரும் காதலிக்கிறார்கள் என்று வீரமலை கண்டுபிடித்ததற்கு ஒரே ஒரு தடயம் போதுமாயிருந்தது. பின்னாலேயே வரும், முகப்பில் பிங்க் பெயின்ட் அடித்த அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. அதை விட்டுவிட்டு ஒரு பெண் தினமும் காசு கொடுத்துப் பொன்னிராணியில் கசங்குகிறாள் என்றால், பஸ்ஸுக்காக அல்ல.

சண்டை வந்தால் இருவரும் போனில் ஒருவரையொருவர் பிளாக் செய்துவிடுவார்கள். அப்போது இரு நாட்டுக்கும் நடுவே திறந்திருக்கும் ஒரே பாதை கண்டக்டர்தான். பின்னாலிருந்து காசு முன்னால் போவதும், முன்னாலிருந்து டிக்கெட் பின்னால் வருவதும் எப்படியோ, அப்படியே சண்டையும் அவர் வழியாகப் போய் வந்தது.

“அண்ணே, நேத்து ஏன் போன் எடுக்கலைன்னு கேளுங்கண்ணே” என்பாள் பிரேமலதா.

இதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு எட்டு சீட்டு தூரம். எட்டு சீட்டையும் சும்மா கடக்க வீரமலையால் முடியவில்லை. மூன்றாவது சீட்டில் ஒரு வார்த்தையைத் தட்டிக்கொட்டினார். ஐந்தாவது சீட்டில் பாலிஷ் போட்டார். பின்வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அது இப்படி இருந்தது:

“தம்பி, உன் மௌனத்துக்கு ஒருநாள் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும்னு சொல்லச் சொன்னாங்க.”

செந்தமிழனின் கண் விரிந்தது. “அப்படியா சொன்னா?”

“அப்படியேதான்.”

“தூங்கிட்டேன்னு சொல்லுங்கண்ணே.”

முன்வாசலில் அது, “எரிமலைகூடத் தூங்கும்மா. அதுக்காக அணைஞ்சு போச்சுன்னு நினைக்காதேன்னு சொல்றாப்ல” என்று இறங்கியது. பிரேமலதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அன்று சாயங்காலமே பிளாக் நீங்கியது.

வீரமலைக்குத் தலைகால் புரியவில்லை. எழுதிய வசனத்தை அச்சுக்குப் போகும் முன்பே இரண்டு உயிருள்ள ஆட்களிடம் பரிசோதித்துப் பார்க்கிற வசதி யாருக்குக் கிடைக்கும்? எது எடுபட்டதோ அது அந்த மாதமே நாகதாளி வாயிலோ பூகம்பன் வாயிலோ வந்தது. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. முன் சீட்டில் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு வரும் ராக்கம்மாளுக்கு மட்டும் சந்தேகம். “ஏம்ப்பா வீரமலை, அந்தப் பையன் ஏறும்போது ‘தள்ளுங்க, தள்ளுங்க’ன்னுதான் பேசுறான். உன் வாயில மட்டும் எப்படி இப்படிப் பேசுறான்?”

“காதல்க்கா” என்றார் வீரமலை.

அந்தப் புதன்கிழமை எல்லாமே ஒன்றாக வந்தது. சாயங்காலத்துக்குள் இதழின் கடைசிப் பக்கத்தை ஸ்டீபன்ராஜுக்குக் கொடுத்தாக வேண்டும். காலையிலிருந்து மூன்று போன். “அண்ணே, மெஷின்ல பிளேட் ஏத்திட்டேன். பூகம்பன் என்னதான் சொல்றான்?” பூகம்பன் ஒன்றும் சொல்லாமல் வாயைத் திறந்தபடி கட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தான்.

திருவானைக்காவலில் பிரேமலதா ஏறினாள். கண் சிவந்திருந்தது. போனில் வேறு ஏதோ சண்டை. மூன்று நாளாக பிளாக். “அண்ணே, ஞாயித்துக்கிழமை லால்குடியிலேர்ந்து என்னைப் பொண்ணு பாக்க வராங்க. அதுக்குள்ள வீட்டுக்கு வந்து பேசச் சொல்லுங்கண்ணே.”

வீரமலை இதைக்கூட விட்டுவைக்கவில்லை. “தம்பி, லால்குடியிலேர்ந்து ஒருத்தன் ஞாயித்துக்கிழமை வர்றானாம். முடிஞ்சா தடுத்துப் பாருங்கிறாங்க.”

செந்தமிழன் கம்பியை இறுக்கிப் பிடித்தான். வியர்த்துப்போனான். பிறகு சொன்னான்: “சனிக்கிழமையே எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு வரேன்னு சொல்லுங்கண்ணே. கடையில பர்மிஷன் கேக்கணும். அது ஒண்ணுதான் வேலை.”

வீரமலை திரும்பி நடந்தார். இரண்டாவது சீட்டில் யோசித்தார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிற வில்லனை எந்த வாசகன் மதிப்பான்? நான்காவது சீட்டில் பொறி தட்டியது. சனிக்கிழமை வரப்போவதை இப்போதே சொல்லிவிட்டால் சஸ்பென்ஸ் எங்கே இருக்கும்? வாசலைத் திறந்தால் அவன் நிற்க வேண்டும்! அதற்கு முன்னால் அவளைக் கொஞ்சம் தவிக்க விட வேண்டும். நாகதாளி இருந்தால் என்ன செய்வாள்? கோபத்தில் அவன் ரகசியக் குகையைக் கொளுத்துவாள், எரிகிற குகைக்குள் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்வாள். ஆறாவது சீட்டில் வசனம் தயார்.

“யார் வேணாலும் வரட்டுமாம்மா. அவருக்கு வேற பெரிய வேலை இருக்காம்.”

பிரேமலதா டிக்கெட்டைக் கசக்கிப் போட்டாள். சத்திரத்தில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. வீரமலை பையைத் திறந்து நோட்டை எடுத்தார். ‘யார் வேண்டுமானாலும் வரட்டும், நாகதாளி! எனக்கு உலகை அழிக்கிற வேலை இருக்கிறது!’ கடைசிப் பக்கம் முடிந்தது. கீழே கொட்டை எழுத்தில் ‘தொடரும்’ என்று போட்டார்.

வியாழக்கிழமை பிரேமலதா பின்னால் வந்த பிங்க் பஸ்ஸில் ஏறிப் போனாள்.

“என்னண்ணே, நான் சொன்னதைச் சொன்னீங்கள்ல?” என்றான் செந்தமிழன்.

“சொன்னேன் தம்பி. கோபமா இருக்காங்க போல” என்று சொல்லிவிட்டு, நல்ல திருப்பம் என்று நோட்டில் குறித்துக்கொண்டார் வீரமலை.

வெள்ளிக்கிழமையும் அவள் பிங்க் பஸ்தான். அன்றைய கடைசி டிரிப்பில் ராக்கம்மாள் கூடையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, “சேதி தெரியுமா?” என்றாள். “அந்தப் பொண்ணு லால்குடி மாப்பிள்ளைக்கே சரின்னுட்டாளாம். எங்கிட்டதான் அவங்கம்மா ஞாயித்துக்கிழமைக்குப் பூ சொல்லியிருக்காங்க. பத்து முழம்.”

வீரமலையின் வாயிலிருந்து விசில் நழுவிக் கூடைக்குள் விழுந்தது.

வீட்டுக்கு வந்து சுபலட்சுமியிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் தோசைக் கரண்டியோடு நின்றபடியே கேட்டாள்.

“அந்தப் பையன் சொன்னதை அப்படியே சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு?”

“அப்படியே சொன்னா அதுல ஒண்ணுமே இல்லையே சுபா.”

“நீங்க என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப என்ன பேசினீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

வீரமலை யோசித்தார். ஏதாவது பிரமாதமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை.

“‘ஃபேன் போடலாமா, வேர்க்குது’ன்னீங்க. அவ்வளவுதான். அதுக்குத்தான் நான் சரின்னேன்.”

அவர் தோசையைத் தொடவில்லை. செந்தமிழனின் போன் நம்பர்கூட அவரிடம் இல்லை. அவன் வார்த்தையெல்லாம் இரண்டு வருஷமாக இவர் வாயில் இருந்தது. நம்பர் கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை முகூர்த்த நாள். ராஜகோபுரம் ஸ்டாப்பில் செந்தமிழன் சவரம் செய்யாத முகத்தோடு ஏறினான். வீரமலை அவனைப் பின்வாசல் மூலையில் மடக்கி எல்லாவற்றையும் கொட்டினார். மௌனம், எரிமலை, பெரிய வேலை, எல்லாம்.

செந்தமிழன் கேட்டுக்கொண்டே இருந்தான். “அம்மாவோட வரேன்னதைச் சொல்லவே இல்லையா?”

“சஸ்பென்ஸுக்காக வெச்சிருந்தேன் தம்பி.”

“சஸ்பென்ஸா! அண்ணே, நான் ரெண்டு நாளா சோறு திங்கலைண்ணே! எங்கம்மா புதுப்புடவைக்கு ஃபால்ஸ் தெச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு!”

திருவானைக்காவல் ஸ்டாப்பில் பிரேமலதா முன்னால் நின்ற பிங்க் பஸ்ஸில் ஏறுவது தெரிந்தது. அது கிளம்பியது. வீரமலை கூட்டத்தைப் பிளந்துகொண்டு டிரைவர் ஜெயக்குமாரிடம் போனார்.

“ஜெயக்குமாரு, அந்த பிங்க் பஸ்ஸை விடாதே!”

ஜெயக்குமார் பதினொரு வருஷமாகக் காத்திருந்த உத்தரவு இதுதான். “நீயா சொல்றே? ‘மெதுவா போ, மெதுவா போ’ன்னு உயிரை எடுப்பியே!” கியரைப் போட்டான். மாம்பழச்சாலை திருப்பத்தில் பத்து பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஆனால் விரட்டலுக்கு வேலையே இல்லாமல் போனது. காவிரிப் பாலத்தில் கல்யாண வேன்கள், கார்கள், ஒரு தவில் செட் ஏறிய மினிலாரி எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தன. பொன்னிராணி ஊர்ந்துபோய்ப் பிங்க் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு கை தூரம். அங்கே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பிரேமலதா. இங்கே நேரெதிரே பூக்கூடையோடு ராக்கம்மாள்.

“போய்ச் சொல்லுங்கண்ணே!” என்று பின்னாலிருந்து கத்தினான் செந்தமிழன்.

“நான் சொல்ல மாட்டேன்!” என்று முன்னாலிருந்து கத்தினார் வீரமலை. “என் வாய்மேல எனக்கே நம்பிக்கை இல்லை. நீயே எழுதிக் கொடு!”

டிக்கெட் மெஷினிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு வெறும் தாளைக் கிழித்து, தன் பேனாவோடு பின்னால் அனுப்பினார். செந்தமிழன் முன்னால் நின்றவர் முதுகில் வைத்து எழுதினான். தாள் கைமாறி வந்தது. வந்த வழியில் எல்லோரும் படித்தார்கள். நான்காவது சீட்டுக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “இவ்வளவுதானா? இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துப் போட்டிருக்கலாம்.”

“யாரும் எதையும் சேக்கக் கூடாது!” என்று அலறினார் வீரமலை.

தாள் அவர் கைக்கு வந்தது. எழுதியிருந்தது இதுதான்: ‘இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு அம்மாவோட வரேன். அம்மாவுக்கு முட்டிவலி. உங்க வீட்டுக்கு மாடிப்படி ஏறணுமா?’

வீரமலைக்குக் கை அரித்தது. முட்டிவலி! இரண்டு வருஷக் காதலின் உச்சக்கட்டத்தில் முட்டிவலி! பல்லைக் கடித்துக்கொண்டு தாளை ராக்கம்மாளிடம் நீட்டினார். அவள் அதை ஒரு முழம் மல்லிகையில் செருகி ஜன்னலுக்கு வெளியே எட்டிக் கொடுத்தாள். “இந்தா பாப்பா, பூ இலவசம். அந்தப் பத்து முழத்துலேர்ந்து கழிச்சுக்கறேன்.”

பிரேமலதா படித்தாள். மறுபடி படித்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “அப்ப அந்தப் பெரிய வேலை என்னாச்சாம்?”

பஸ் முழுக்க வீரமலையைத் திரும்பிப் பார்த்தது.

“அது நான் சொன்னதும்மா” என்றார்.

“யாரு வேணாலும் வரட்டும்னது?”

“நான்தாம்மா.”

“எரிமலை?”

“அதுவும் நான்தான்.”

“போன தீபாவளிக்கு, ‘உன் ஒரு பார்வைக்காக இந்த ஊரையே உலுக்குவேன்’னது?”

“அது பூகம்பனுக்கு எழுதினதும்மா. அவர் ‘ஹேப்பி தீபாவளி’ன்னுதான் சொன்னாரு.”

பிரேமலதா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அப்ப ரெண்டு வருஷமா நான் யாரைத்தான்ணே லவ் பண்ணேன்?”

அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி, “பாதி அந்தக் கண்டக்டரைத்தான் போல” என்றாள். இரண்டு பஸ்ஸும் ஒரே நேரத்தில் சிரித்தன. பிங்க் பஸ் கண்டக்டர் தலையை வெளியே விட்டு, “யோவ் வீரமலை, நாங்கல்லாம் டிக்கெட் மட்டும்தான்யா குடுப்போம்!” என்றார்.

பாலத்தின் அந்தப் பக்கம் தவில் செட் லாரி நகர்ந்தது. வேன்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்தன. பிங்க் பஸ் குலுங்கியது. செந்தமிழன் பின்வாசல் கம்பியில் தொங்கியபடி கழுத்தை நீட்டி அவளையே பார்த்தான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கட்டத்துக்குள் நிற்கும் பூகம்பன் மாதிரியே இருந்தான்.

பிரேமலதா தாளை இன்னொரு முறை பார்த்தாள். “முட்டிவலின்னு எழுதினது யாரு? அதுவும் நீங்கதானா?”

“சத்தியமா நான் இல்லம்மா! எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது!”

பிங்க் பஸ் நகர்ந்தது. அவள் கையை வாயருகே குவித்துக் கத்தினாள். வீரமலைக்கு அல்ல, நேராகப் பின்வாசலுக்கு. “கீழ் வீடுதான்! செருப்பை உள்ள விட்டுட்டு வரச் சொல்லு அம்மாவை! வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும்!”

செந்தமிழன் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஆட்டினான். பின்னாலிருந்த நான்கு பேர் அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

சாயங்காலம் இரண்டு வீட்டாரும் பேசி முடித்து, லால்குடிக்காரர்களுக்கு மறுநாள் காலையிலேயே மரியாதையாகப் போன் போட்டுச் சொன்னார்கள். ராக்கம்மாளின் பூ மட்டும் வீணாகவில்லை. ஒன்பது முழம் செந்தமிழனின் அம்மா தலைக்கே போனது.

அடுத்த இதழின் பக்கங்களைப் பார்த்த ஸ்டீபன்ராஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அண்ணே, உலகமே நடுங்குற வில்லனுக்கு அம்மாவா? அவங்களுக்கு முட்டிவலி வேறயா?”

“போடு. நல்லா குண்டா, பையோட போடு.”

அந்த இதழில் டாக்டர் பூகம்பன் எரிமலை உச்சியிலிருக்கும் நாகதாளியின் குகை வாசலில் நின்று, படிக்கட்டு எத்தனை என்று கேட்கிறான். நாகதாளி, வாழ்க்கையில் முதல் தடவையாக விஷமுள்ளை மடக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்து, அவன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகிறாள். போகும் வழியில் இருவருக்கும் யார் தூக்குவது என்பதில் பெரிய சண்டை வருகிறது. எரிமலை வெடிக்கிறது. லால்குடி வரை சாம்பல். கோட்டைச்சாமிக்கு அரைப் பக்கம்தான் கிடைத்தது. நாற்பத்தொரு கடிதம் வந்தது. அதில் முப்பத்தெட்டு, அந்த அம்மா மறுபடி எப்போது வருவார் என்று கேட்டது. கோட்டைச்சாமியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சுபலட்சுமி அந்த இதழை முதல்முறையாகக் கடைசிவரை படித்தாள். “பூகம்பன் திருந்திட்டான் போலிருக்கே” என்றாள். அவ்வளவுதான் விமரிசனம்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகும் எட்டு நாற்பது டிரிப்பில் கூட்டம் குறையவில்லை, சண்டையும் குறையவில்லை. போன செவ்வாய்க்கிழமை பிரேமலதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினாள்.

“அண்ணே, அவர்கிட்ட சொல்லுங்க...”

வீரமலை ஒரு முழத் தாளைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினார். அவள் எழுதி மடித்துக் கொடுத்தாள். எட்டு சீட்டு. முதல் மூன்று சீட்டு வரை அவர் தாளைப் பிரிக்கவே இல்லை. நான்காவது சீட்டில் பிரித்தார். ‘கல்யாணப் பத்திரிகையில எங்க மாமா பேரை விட்டுட்டீங்க.’

ஐந்தாவது சீட்டில் நின்றார். பேனாவின் மூடியைக் கழற்றினார். ராக்கம்மாள் அவ்வளவு தூரத்திலிருந்து அதட்டினாள். “வீரமலை!”

“ஒண்ணும் இல்லக்கா” என்றார் வீரமலை. வரியின் கடைசியில் ஒரே ஒரு ஆச்சரியக்குறி மட்டும் போட்டுவிட்டு, விசில் ஊதிக்கொண்டே பின்வாசலுக்குப் போனார்.